கம்பி யாருடையது என்று மட்டும் கேட்டால் போதாது

ஸ்ரீலங்கா ரெலிகொம் நிறுவனத்தில் அரசுக்கு இருக்கும் 49.5 வீதப் பங்கை விற்பதா, வைத்திருப்பதா என்ற வாதம் 2023இலும் 2024இலும் பாராளுமன்றத்திலிருந்து தெருமுனை வரை நடந்தது. விற்கக் கூடாது என்றவர்கள் தேசிய பாதுகாப்பைக் காட்டினார்கள். பாராளுமன்றத்தின் துறைசார் மேற்பார்வைக் குழுவொன்றே அந்தக் காரணத்தைச் சொல்லி விற்பனையை எதிர்த்தது. விற்க வேண்டும் என்றவர்கள் திறைசேரியின் கடனைக் காட்டினார்கள். 2024 ஜனவரியில், பங்கை வாங்க முன்வந்தவையாக இந்தியாவின் ஜியோ உட்பட மூன்று வெளிநாட்டு நிறுவனங்களின் பெயர்கள் வெளியாகின. ஆட்சி மாறியதும் விற்பனை கைவிடப்பட்டது. வாதமும் அத்தோடு அடங்கிவிட்டது. புகையிரதத்தைப் பற்றிய பேச்சும் இதே தடத்தில்தான் ஓடுகிறது: திணைக்களமாகவே இருக்கட்டும் என்பது ஒரு கட்சி, தனியாருக்குக் கொடு என்பது மறு கட்சி. இரு கட்சிகளும் ஒரே எண்ணத்தில் நிற்கின்றன. வலையமைப்பை வைத்திருப்பவர் யார் என்பதைத் தீர்த்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பதே அந்த எண்ணம். அது பிழை என்பதும், அந்தப் பிழைக்கு அதிக விலை கொடுப்பது யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற ஓரத்து நிலங்கள்தான் என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம். வைத்திருப்பவர் அரசாக இருந்தாலும் கம்பனியாக இருந்தாலும், அவருடைய கம்பியிலும் தண்டவாளத்திலும் அவரோடு போட்டியிடும் இன்னொருவர் எந்த விலையில், எந்த நிபந்தனையில் நுழையலாம் என்பதை அவர் அல்லாத வேறொருவர் எழுத வேண்டும். அது எழுதப்படாதவரை உரிமையைப் பற்றிய சண்டையில் யார் வென்றாலும் பாவனையாளர் தோற்றவரே.

வரைபடத்தைப் பார்த்தாலே இது ஏன் நம்முடைய பிரச்சினை என்பது விளங்கும். இலங்கைக்கு வரும் கடலடிக் கேபிள்கள் கொழும்பு, கல்கிசை, மாத்தறை என மேற்கிலும் தெற்கிலும் கரையேறுகின்றன. இந்தியக் கரை இவ்வளவு அருகில் இருந்தும் வடக்கில் எதுவும் ஏறவில்லை. ஆகவே பருத்தித்துறையில் ஒருவர் திறக்கும் இணையப்பக்கம் உலகத்தை அடைய முன்னர் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தெற்கே போயாக வேண்டும். தரைவழியில் குடாநாட்டுக்குள் வருவதற்கு முக்கிய வாசல்கள் இரண்டு: ஆனையிறவு, 2011இல் பாலம் திறக்கப்பட்ட சங்குப்பிட்டி. புகையிரதத்துக்கு ஆனையிறவு ஒன்றே. இந்த ஒடுக்கமான கழுத்தின் வழியே பைபர் கேபிள் போடுவதற்குப் பெருஞ்செலவாகும். போட்ட பிறகு அதில் இன்னொருவரின் தரவையும் அனுப்புவதற்கு ஆகும் மேலதிகச் செலவு மிகச் சிறியது. முதலாவது கேபிளைப் போட்டவரோடு போட்டியிட இரண்டாவது ஆள் வரலாம், மூன்றாவது ஆளுக்குக் கணக்குச் சரிவராது. தண்டவாளத்தில் இரண்டாவது ஆளுக்கே இடமில்லை. கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு இன்னொரு இருப்புப்பாதையை எவரும் போடப் போவதில்லை. இவற்றையெல்லாம் சந்தை தானாகச் சரிசெய்யும் என்று சொல்பவர்கள் ஆனையிறவை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

‘யாழ்ப்பாணத்தில் எத்தனை கம்பனிகளின் கோபுரங்கள் நிற்கின்றன, போட்டிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்’ என்பதுதான் அடிக்கடி கேட்கும் பதில். போர்நிறுத்தத்துக்குப் பின், 2002இலேதான் கைபேசி குடாநாட்டுக்கு வந்தது. அதற்கு முன் தொலைபேசியே இல்லாமல் கழிந்த ஆண்டுகளை நினைத்தால் இந்தப் பதிலின் கவர்ச்சி விளங்குகிறது. ஆனால் எண்ணிக்கை எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். 2009இல் எயார்டெல் சேவை தொடங்கியபோது நாட்டில் ஐந்து கைபேசி நிறுவனங்கள் இருந்தன. 2018இல் எடிசலாட்டை ஹட்ச் வாங்கியது, நான்காயின. 2024இல் எயார்டெல் லங்காவை டயலொக் தன்னோடு இணைத்தது; மூன்றாயின. 1996இல் கம்பியில்லா நிலைத் தொலைபேசிக்கு அனுமதி பெற்று ரெலிகொமுக்குப் போட்டியாக வந்த சண்டெல்லும் 2012இல் டயலொக்குக்குள் போய்விட்டது. அதே காலத்தில் வந்த லங்கா பெல்லும் சண்டெல்லும் ரெலிகொமின் வாடிக்கையாளரோடு தம் வாடிக்கையாளர் பேசுவதற்கான இடைத்தொடர்புக் கட்டணத்துக்காக ஆண்டுக்கணக்கில் இழுபட்டன. புதியவரின் தொலைபேசியிலிருந்து பழையவரின் தொலைபேசிக்கு அழைப்புப் போகாவிட்டால் புதியவரிடம் யார் இணைப்பு எடுப்பார்? எஞ்சியிருக்கும் மூன்றில் மொபிட்டல் ரெலிகொமின் முழு உடைமை. அதாவது நாட்டின் மிகப் பெரிய தரைவழி வலையமைப்பை வைத்திருப்பவரே கைபேசிச் சந்தையிலும் போட்டியாளர். போட்டியாளருக்கு மொத்தமாக விற்கும் விலையைத் தன் சில்லறை விலைக்கு அருகில் கொண்டுவந்துவிட்டால், வழக்கும் இல்லாமல் சத்தமும் இல்லாமல் மற்றவரின் இலாபத்தை நசுக்கிவிட முடியும். ரெலிகொம் அப்படிச் செய்கிறது என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. அப்படிச் செய்யக்கூடிய இடத்தில் அது இருக்கிறது. செய்தால் கண்டுபிடிப்பதற்கு அந்த மொத்த விலைகள், இணைப்புக்கு எடுக்கும் நாட்கள், மறுப்புக்கான காரணங்கள் எல்லாம் எவரும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும்படி வெளியில் கிடக்க வேண்டும் என்கிறேன். தன் கம்பியைப் பிறருக்கு வாடகைக்கு விடும் அளவில் டயலொக்குக்கும் இதே விதி பொருந்தும்.

தீவகத்துக்குப் போனால் கோபுர எண்ணிக்கை வாதம் முற்றாக உடைகிறது. நெடுந்தீவிலோ எழுவைதீவிலோ அனலைதீவிலோ ஒரு கோபுரத்தின் செலவே பெரும்பாடு. அதே சிறு தொகைக் குடும்பங்களுக்காக இரண்டாவது, மூன்றாவது கோபுரத்தை நட்டுப் போட்டியிட எந்தக் கம்பனியும் முன்வராது, வரச் சொல்வதும் நியாயமில்லை. அங்கே போட்டி இருக்க ஒரே வழி, நிற்கும் கோபுரத்தில் மற்றவரும் தம் கருவியைப் பொருத்துவது, அல்லது மற்றவரின் வாடிக்கையாளர் அந்த வலையமைப்பிலேயே உலாவ அனுமதிப்பது. கோபுரத்துக்குச் சொந்தக்காரர் இதைத் தானாகச் செய்யமாட்டார். கடல் தாண்டி அவர் நட்டதற்குப் பலனே அந்தத் தீவு முழுவதும் தன் வாடிக்கையாளராக இருப்பதுதான். விலை நியாயமாக இருந்தால் அவருடைய செலவுக்கும் ஈடு கிடைக்கும், தீவாருக்கும் தெரிவு கிடைக்கும். அந்த நியாய விலையைத் தீர்மானிப்பவர் மூன்றாவது ஆளாக இருந்தாக வேண்டும்.

இது பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் மட்டும் பேசிக்கொள்ளும் விடயமல்ல. வடக்கில் பஸ்ஸில் போய்வரும் எவருக்கும் இதன் சாரம் தெரியும். 1979 முதல் தனியார் பஸ்கள் ஓடுகின்றன. தெரு எல்லாருக்கும் பொது. ஆனாலும் இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கும் தனியார் சங்கங்களுக்கும் இடையில் ஓயாத தகராறு எங்கே? பஸ் நிலையத்திலும் நேர அட்டவணையிலும். வவுனியாவில் 2017இல் புதிய பஸ் நிலையம் திறக்கப்பட்டபோது, அங்கிருந்து யார் எப்போது புறப்படுவது என்ற கேள்வியே பணிப்புறக்கணிப்பு வரை போனது. யாழ்ப்பாண நகரிலும் நெடுந்தூர பஸ் நிலையத்துக்கு யார் போவது என்பதில் அதே இழுபறி. பேச்சுவார்த்தை மேசைக்கு ஒவ்வொரு முறையும் வந்த தீர்வு ஒன்றே: இணைந்த நேர அட்டவணை. அதாவது, எல்லாருக்கும் அவசியமான ஓர் இடத்தை எவ்விதம் பகிர்வது என்பதைப் போட்டியாளர்கள் இருவரில் ஒருவரிடம் விடாமல், எழுதப்பட்ட விதியிடம் விடுவது. அந்தத் தீர்வு நடைமுறையில் தடுமாறுகிறது என்றால், அதைக் கட்டாயப்படுத்தும் வலு எவரிடமும் இல்லாததே காரணம். நிலையத்தையும் அட்டவணையையும் ஒரு தரப்பிடமே ஒப்படைத்துவிடுங்கள் என்று பயணிகள் எவரும் கேட்டதில்லை. பஸ்ஸில் நாம் தெளிவாகக் காண்பதை பைபர் கேபிளில் காணத் தவறுகிறோம்.

தவறவிட்டதற்கு 2019ஐ விடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. யாழ். மாநகர எல்லைக்குள் ‘ஸ்மார்ட் லாம்ப் போல்’ கம்பங்களை நடுவதற்கு மாநகர சபை தனியார் நிறுவனமொன்றுடன் உடன்படிக்கை செய்தபோது, 5ஜி கதிர்வீச்சு என்ற அச்சத்தில் மக்கள் எதிர்த்தார்கள். அரசியல்வாதிகள் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். மாதக்கணக்கில் நடந்த அந்த விவாதத்தில் கதிர்வீச்சு பேசப்பட்டது, கேள்விமனு பேசப்பட்டது, கட்சிச் சண்டை பேசப்பட்டது. பொது வீதியில், பொது நிலத்தில் நடப்படும் கம்பத்தில் எந்தெந்தத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கருவி பொருத்தலாம், ஒருவருக்கு இடம் கொடுத்து மற்றவருக்கு மறுக்கலாமா, வாடகை எவ்வளவு, சபைக்கு அதில் பங்கு என்ன என்ற கேள்விகள் விவாதத்தின் நடுவுக்கு வரவேயில்லை. ஒரு நகரம் தன் கையில் உள்ள மிகப் பெறுமதியான பேரம்பேசும் பொருளை, அதாவது வீதியோர இடத்தை, என்ன நிபந்தனையில் கொடுக்கிறது என்பதே அங்கு தீர்மானிக்கப்பட வேண்டியிருந்த விடயம்.

இனிப் புகையிரதத்துக்கு வருவோம். தண்டவாளத்தில் பிறரை விட்டால் பிரித்தானியாவின் கதிதான் என்பது இங்கே வேதவாக்குப்போல் சொல்லப்படுகிறது. நடந்ததைச் சரியாகப் பார்க்க வேண்டும். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரித்தானியா தண்டவாளத்தையே ரெயில்ட்ராக் என்ற இலாப நோக்குள்ள கம்பனியிடம் விற்றது. பராமரிப்பை அக்கம்பனி ஒப்பந்தக்காரரிடம் விட்டு, தன் சொந்தப் பாதையின் நிலையையே அறியாதிருந்தது. 2000 ஒக்ரோபரில் ஹட்ஃபீல்டில் வெடிப்புற்ற தண்டவாளம் சிதறி நால்வர் இறந்தனர். ஓராண்டில் கம்பனி முறிந்தது. 2002இல் இலாப நோக்கற்ற நெட்வேர்க் ரெயில் பாதையைப் பொறுப்பேற்றது. ஆனால் அந்தப் பாதையில் பிறர் ஓடுவது நிற்கவில்லை. ஹல் ட்ரெயின்ஸ், கிராண்ட் சென்ட்ரல், 2021இல் வந்த லூமோ ஆகியவை அரசின் மானியம் இன்றியே அந்தப் பாதையில் ஓடி வந்தன. அவற்றின் நுழைவைத் தீர்மானித்தது தனியான ஒழுங்குபடுத்தும் அலுவலகம். இத்தாலியில் அரச தண்டவாளத்தில் 2012 முதல் இத்தாலோ என்ற தனியார் சேவை ஓடுகிறது. ஸ்பெயினில் அரச தண்டவாளத்திலேயே 2021இல் உய்கோவும் 2022இல் இரியோவும் வந்து மட்ரிட்–பார்சிலோனா கட்டணங்களை இறக்கின. பிரித்தானியாவில் சீரழிந்தது பாதையின் உடைமையும் பராமரிப்பும். அதை வைத்து நுழைவை மறுப்பது, ஒரு நோயைக் காட்டி வேறொரு நோயின் மருந்தை நிறுத்துவது போலாகும்.

நமக்கு நெருங்கிய சான்று இந்தியாவில் கிடைக்கிறது. அது மற்ற எதையும் விட வலுவானது, ஏனெனில் ஒரே நாடு, ஒரே தலைமுறை, இரண்டு வலையமைப்புகள். தொலைத்தொடர்புக்கு 1997இல் ட்ராய் என்ற ஒழுங்குபடுத்தும் அமைப்பை இந்தியா உருவாக்கியது. 2016இல் ஜியோ வந்தபோது எயார்டெல், வொடபோன், ஐடியா மூன்றும் அதற்குப் போதிய இடைத்தொடர்பு முனைகளைக் கொடுக்கவில்லை என்று தகராறு எழுந்தது. நெரிசல் அரை வீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி மீறப்பட்டதாகக் கண்ட ட்ராய், மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதத்தைப் பரிந்துரைத்தது. பின்னாளில் ஜியோவே பூதமாக வளர்ந்தது என்பது உண்மை. அதன் பிறகு அதையும் கட்டுப்படுத்த வேண்டிய தேவை வந்தது என்பதையே அது காட்டுகிறது. புகையிரதத்திலோ 2006இல் கொள்கலன் போக்குவரத்தைத் தனியாருக்குத் திறந்தார்கள், ஒழுங்குபடுத்துநர் இல்லாமல். இழுவைக் கட்டணத்தை எழுதுவது இந்திய ரயில்வே. போட்டியிடும் கொங்கோர் நிறுவனமும் அதன் உடைமை. உரிமம் பெற்ற தனியார் நிறுவனம் ஒன்று போட்டி ஆணைக்குழுவிடம் முறையிட்டும் பயனில்லை. இன்றும் பெரும்பங்கு கொங்கோரிடமே. 2020இல் 151 தனியார் பயணிகள் ரயில்களுக்கு விண்ணப்பம் கோரினார்கள். 2021இல் விலை கோரியவர்கள் இருவர், அதில் ஒருவர் ரயில்வேயின் சொந்த நிறுவனமான ஐ.ஆர்.சி.டி.சி. திட்டம் கைவிடப்பட்டது. ரயில்வேக்கெனத் தனியான அதிகார அமைப்பை நிறுவ 2017இல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருந்தும் அது எழும்பவில்லை. தன் போட்டியாளரே நீதிபதியாக இருக்கும் இடத்தில் எவர் பணத்தைக் கொட்டுவார்?

இலங்கையும் இதைச் சிறிய அளவில் செய்து பார்த்தது. 2011இல் எக்ஸ்போ ரெயில், ராஜதானி எக்ஸ்பிரஸ் என்ற பெயர்களில் தனியாரின் சொகுசுப் பெட்டிகளைத் திணைக்களத்தின் புகையிரதங்களோடு கொழுவினார்கள். இயந்திரம், நேரம், பாதை, நிலையம் அனைத்தும் திணைக்களத்தின் கையில். அதே புகையிரதத்தில் தன் முதல் வகுப்பு ஆசனங்களை விற்றதும் திணைக்களமே. தகராறு வந்தால் போய்ச் சொல்ல ஒரு வாசல் இருக்கவில்லை. சில ஆண்டுகளில் அந்தப் பெட்டிகள் மறைந்தன. அதைப் பார்த்து ‘தனியார் வந்தும் சரிவரவில்லை’ என்று முடிவுகட்டுவது, விதியில்லாத நுழைவை நுழைவின் தோல்வியாகக் கணக்கெழுதுவதாகும்.

மாகோவுக்கு வடக்கே ஒற்றைப் பாதை, அதில் யாரை எங்கே விடுவது என்ற மறுப்புக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். 1990இல் நின்றுபோன சேவை இந்தியக் கடனுதவியோடு 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தையும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறையையும் மீண்டும் அடைந்தது; இந்திய நிறுவனமான இர்கொன் கட்டிய ஓமந்தைக்கு வடக்கான பாதை நல்ல வேகத்தைத் தாங்கும். இருந்தும் எதிரெதிர் வண்டிகள் நிலையங்களில்தான் விலக வேண்டும், ஆகவே இடைவெளிகள் குறைவு. ஆனால் இடைவெளி குறைவாக இருப்பதால்தான் அது எவ்வளவு, எத்தனை மணிக்கு, யாரால் பயன்படுத்தப்படாமல் கிடக்கிறது என்பதை வெளியிட வேண்டும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஆசனம் கிடைக்காமல் இரவு பஸ்ஸில் போகிறவர்களுக்கும், வெங்காயத்தையும் மீனையும் லொறியிலேயே தெற்குக்கு அனுப்புகிறவர்களுக்கும், அந்தப் பாதையில் இடம் உண்மையிலேயே இல்லையா, அல்லது திணைக்களத்திடம் பெட்டியும் இயந்திரமும் இல்லாததால் இடம் வெறுமையாகக் கிடக்கிறதா என்று அறிய உரிமை உண்டு. பாதுகாப்புச் சான்று, சாரதிப் பயிற்சி, விபத்துப் பொறுப்பு எல்லாவற்றையும் நுழைபவர் மீது கடுமையாகச் சுமத்தலாம், சுமத்தவும் வேண்டும்.

முதலீடு கெட்டுவிடும் என்பது கம்பனிகளின் பெரிய ஆயுதம். நான் செலவழித்துப் போட்டதில் மற்றவன் ஓசியில் ஓடினால் நாளைக்கு யார் போடுவார் என்கிறார்கள். ஓசியில் ஓடச் சொல்வது இங்கே எவரும் இல்லை. வாடகையை அடிமாட்டு விலையில் நிர்ணயித்தால் முதலீடு வாடும் என்பதை ஏற்கிறேன். அதனால்தான் மூலதனத்துக்குரிய நியாயமான வருவாயும் விலைக்குள் அடங்க வேண்டும். எதுவும் செய்யாமல் விட்ட நாட்டின் கதை நியூசிலாந்தில் இருக்கிறது. 1980களின் இறுதியில் அந்நாடு தொலைத்தொடர்பைத் திறந்து, தனியான ஒழுங்குபடுத்துநர் வேண்டாம், பொதுப் போட்டிச் சட்டம் போதும் என்றது. இடைத்தொடர்பு கேட்ட கிளியர் நிறுவனம் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி 1994இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றது. கடைசியில் 2001இல் தனிச் சட்டம் வந்தது. 2011இல் கம்பிவலையை கோரஸ் என்ற தனி நிறுவனமாகவே பிரிக்க வேண்டியதாயிற்று. பிரித்தானியாவில் பி.ரி. நிறுவனத்தின் நிலக்கீழ்க் குழாய்களையும் கம்பங்களையும் போட்டியாளருக்குத் திறக்கும் கட்டாயம் 2010 முதல் இருந்து வருகிறது. அங்கே 2018இல் பத்திலொரு வீட்டைக்கூட எட்டியிராத முழு பைபர், 2024இல் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட வீடுகளை எட்டியது; புதிய சிறு நிறுவனங்களும் தோண்டின, பி.ரி.யும் பதற்றத்தில் வேகமாகத் தோண்டியது. எல்லாம் அந்தக் கட்டாயத்தால் மட்டும் நடந்தது என்று சொல்லமாட்டேன். முதலீட்டை அது கொல்லவில்லை என்பது மட்டும் உறுதி.

பாதுகாப்பு என்ற மறுப்பு வடக்கில் தனி எடை உடையது, ஏனெனில் இங்கே பாதை மூடப்படுவதன் பொருள் தெரிந்தவர்கள் வாழ்கிறார்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது குடாநாடு தரைவழியே துண்டிக்கப்பட்டது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது சமூக ஊடகங்களை அரசு தடுத்தபோது, அரச நிறுவனமும் தனியார் நிறுவனமும் ஒன்றாகவே கதவடைத்தன. உடைமை எவரையும் காப்பாற்றவில்லை. எந்த வெளிநாட்டுக் கம்பனி உரிமையாளராக வரக் கூடாது என்று ஒரு நாடு தீர்மானிப்பது நியாயமே. அந்தத் தீர்மானத்தை எடுத்த அதே நாடு, உள்ளே இருப்பவர் தன் வலையமைப்பைப் பிறருக்கு விடும் நிபந்தனையையும் எழுதலாம். இரண்டும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. உண்மையான பாதுகாப்பு மாற்றுவழி இருப்பதில்தான் இருக்கிறது. இந்தியாவில் 2000இல் உருவான ரெயில்டெல், தண்டவாள ஓரத்தில் போட்ட பைபரைப் பல தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும் வாடகைக்கு விடுகிறது. நமது வடபாதையும் ஆனையிறவைக் கடந்து காங்கேசன்துறை வரை போகிறது. அதன் ஓரத்தில் திணைக்களத்தின் நிலத்தில் ஒரு பொதுக் குழாயும், எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வெளியிடப்பட்ட வாடகையும் இருந்தால், ஏ9 ஓரத்துக் கேபிள் அறுந்தாலும் குடாநாடு பேசிக்கொண்டிருக்கும். திணைக்களத்துக்கும் நிலையான வருமானம் வரும்.

ஸ்டார்லிங்க் வந்துவிட்டதே, இனிக் கம்பியைப் பற்றி ஏன் கவலை என்ற புதிய குரலும் கேட்கிறது. 2024இல் அனுமதி பெற்று 2025 ஜூலையில் அது சேவை தொடங்கியது உண்மை. தனி வீட்டுக்கும் தூரத் தீவுக்கும் அது உதவும். ஒரு நகரத்தின் முழுத் தரவையும் செய்மதி சுமக்காது. விலையும் கொள்ளளவும் ஒரே அந்நிய நிறுவனத்தின் கையில் இருக்கும் ஒரு சேவையை, ஏகபோகத்துக்கு மருந்தாக நம்புவது பொருந்தாது.

எஞ்சுவது மிகக் கடினமான மறுப்பு: ஒழுங்குபடுத்துநர் அரசியலுக்கு அடிபணிவார், பிறகு எல்லாம் வீண். 2023 மே மாதத்தில் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவர் மின் கட்டண விடயத்தில் அரசோடு முரண்பட்டு, பாராளுமன்ற வாக்கெடுப்பில் நீக்கப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு இந்த அவநம்பிக்கை இயல்பானது. தொலைத்தொடர்பிலோ, 1991ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி 1996இல் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை அமைத்தபோதே துறை அமைச்சின் செயலாளரைத் தலைவராக்கி, மற்ற உறுப்பினரை நியமிக்கும் பொறுப்பையும் அமைச்சரிடம் கொடுத்தார்கள். ரெலிகொமில் பாதிக்குச் சற்றுக் குறைந்த பங்கை வைத்திருப்பதும் அரசு, ரெலிகொமுக்கும் அதன் போட்டியாளருக்கும் நடுவர் தலைவராக இருப்பதும் அரசின் செயலாளர். 2010இல் அழைப்புக் கட்டணங்கள் விழுந்துகொண்டிருந்தபோது இந்த ஆணைக்குழு குறைந்தபட்ச விலையை நிர்ணயித்து வீழ்ச்சியை நிறுத்தியது. மலிவான அழைப்பால் பயன்பெற்றிருக்கக்கூடிய ஏழைப் பாவனையாளருக்காக அந்த மேசையில் பேச எவரும் இருக்கவில்லை. இந்தக் குறை ஒழுங்குபடுத்தலைக் கைவிடுவதற்குக் காரணமாகாது. நடுவரை மாற்றி அமைப்பதற்கே காரணம். செயலாளர் தலைவராக இருக்கும் ஏற்பாட்டை நீக்கி, நியமனத்தை அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதலுக்குக் கொண்டுபோய், நிலையான பதவிக்காலம் கொடுத்து, நுழைவு மறுப்பு ஒவ்வொன்றுக்கும் குறித்த நாட்களுக்குள் எழுத்தில் தீர்ப்புச் சொல்லும் கடமையைச் சட்டத்தில் எழுத வேண்டும். புகையிரதத்துக்கு அப்படி ஒரு நடுவரே இல்லை. அங்கே தொடக்கத்திலிருந்து எழுத வேண்டியிருக்கிறது.